கீழ் வால்வுக்குப் பதினாலு சுற்று

பால் வண்டி போன பிறகு, பள்ளிக்கூட வண்டி வருவதற்கு முன்பு ஒரு அரை மணி நேரம் தெரு சும்மா கிடக்கும். அந்த நேரத்தில் சாவியக்கா நடுத்தெருவில் முட்டி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். முழங்காலுக்கு அடியில் மடித்த சாக்கு. எதிரே ஒரு சாண் அகல இரும்பு மூடி திறந்து கிடக்கிறது. அந்தக் குழிக்குள் இடுப்பு உயரக் கம்பியை இறக்கி, அதன் குறுக்குக் கைப்பிடியில் வலது காதை ஒட்டவைத்து, கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள். முகத்தில் பக்கத்து வீட்டுச் சண்டையை ஒட்டுக் கேட்கிறவளின் பாவனை.

ஊருக்குப் புதியவர்கள் பயந்துவிடுவார்கள். ஒரு தடவை காய்கறி வண்டிக்காரர் ஒருவர் ஆள் மயங்கிவிட்டது என்று நினைத்து, ஓடிவந்து அவள் முகத்தில் பாட்டில் தண்ணீரைத் தெளித்தார். அக்கா ஒற்றைக் கண்ணை மட்டும் திறந்து, "தம்பி, தண்ணிய வீணாக்காதீங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள்.

அந்தக் கம்பிதான் சாவி. நாலு கிலோ எடை. தரைக்கு அடியில் இருக்கும் வால்வுகளைத் திறப்பதும் மூடுவதும் அதை வைத்துத்தான். அது அவள் தோளில் இல்லாமல் ஊரில் யாரும் அவளைப் பார்த்ததில்லை. பெயர் ஒன்று இருக்கிறது. சம்பளச் சீட்டில் அச்சாகி வருகிறது. தண்ணீர் அலுவலகத்து எழுத்தர் ஒரு நாள் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, யாரைக் கூப்பிடுகிறான் என்று அவளும் சேர்ந்து திரும்பிப் பார்த்தாளாம்.

அலுவலகம் கொடுத்த நீலக் கோட்டு முழங்கால் வரை தொங்கும். இடது பையில் சாக்பீஸ், வலது பையில் வறுத்த வேர்க்கடலை. எங்கே கசிகிறது என்று காது சொல்கிறதோ அங்கே தார் ரோட்டில் ஒரு வட்டம் போடுவாள். வட்டத்தைப் பார்த்து, பள்ளம் வெட்டும் ஆட்கள் வெட்டுவார்கள். இருபத்தாறு வருடத்தில் வட்டம் ஒரு முழம் தள்ளிப் போனது இரண்டே தடவைதான். இரண்டு தடவையும் அவளுக்குச் சளி பிடித்திருந்தது.

ஆஸ்பத்திரி வால்வுக்குப் பதினோரு சுற்று. சந்தை வால்வுக்கு ஒன்பது. பள்ளிக்கூட வால்வுக்குப் பன்னிரண்டு. கடைசிச் சுற்று முரண்டு பிடிக்கும், கொஞ்சம் பின்னால் வந்து மறுபடி போக வேண்டும். கீழ் வால்வுக்குப் பதினாலு. எங்கும் எழுதி வைத்ததில்லை. தோள்பட்டைக்குத் தெரியும் என்பாள். கம்பியில் காதை வைத்தால் தெருவின் சங்கதி மொத்தமும் வந்துவிடும். "மாடி வீட்டுக்காரங்க ஊருக்குப் போயிட்டாங்க, பாத்ரூம் குழாய மூடாம போயிருக்காங்க" என்று சொல்லிக்கொண்டே எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, அந்த வீட்டுப் பிரதான குழாயைத் தானே அடைத்துவிட்டு நடப்பாள்.

வேன் ஓட்டும் கணவருக்கு இதில் ஒரு நிரந்தர வருத்தம். "என் பொண்டாட்டி காது எனக்குக் கெடச்சதே இல்ல. ஊர்க் குழாய் மொத்தமும் பேசி முடிச்சு, மிச்சம் மீதி இருந்தாத்தான் நமக்கு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அக்கா அதைக் காதில் வாங்கிக்கொள்வதில்லை என்பதே அவர் பேச்சுக்குச் சாட்சி.

பெரியவர்கள் முன்னால் அக்காவுக்குப் பேச்சு வராது. அலுவலகத்தில் மேலதிகாரியோ ஊர்த் தலைவரோ எதைச் சொன்னாலும் ஒரே பதில்தான்: "சரிங்க." ஆனால் அந்தச் சரிங்க ஒன்றல்ல. சட்டென்று வந்தால், செய்துவிடுகிறேன் என்று அர்த்தம். கொஞ்சம் இழுத்து வந்தால், செய்வேன், ஆனால் நீங்கள் சொல்வது முட்டாள்தனம். மூக்கு வழியாக வந்தால், நாளைக்குப் பார்க்கலாம். இன்னொன்று உண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாக, மூச்சோடு மூச்சாக வரும். அது வந்தால் அந்த வேலை நடக்காது. இந்த நாலையும் பிரித்தறியத் தெரிந்தவள் உலகத்தில் ஒருத்திதான், அவள் தங்கை. தலைவருக்கு நாலும் ஒன்றாகத்தான் கேட்கும்.

இதை எல்லாம் விட ஊருக்கு எரிச்சல் தரும் பழக்கம் வேறொன்று. தாகம் என்று எந்த வீட்டில் ஏறினாலும், கொடுத்த தம்ளரை முதலில் மூக்குக்குக் கொண்டுபோவாள். கண்ணைச் சுருக்கி ஒரு தடவை மோந்து, கொஞ்சம் பொறுத்து, இன்னொரு தடவை மோந்து, அப்புறம்தான் வாய்க்கு. புதிதாகக் குடிவந்த ஒரு பெண் இதைப் பார்த்து, தன் வீட்டுச் சுத்தத்தைச் சந்தேகப்படுகிறாள் என்று அழுதேவிட்டாள். "தப்பா நெனைக்காதம்மா. உன்ன இல்ல, உங்க தெருவத்தான் மோந்து பாக்கறேன்" என்று அக்கா அவளைத் தேற்ற வேண்டியதாகிவிட்டது.

அந்தப் பழக்கம் வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது.

ஊர் ஒரு சரிவில் இருக்கிறது. மேட்டில் தொட்டி, கீழே கடைசித் தெரு. அறுபது வருடத்துக்கு முன்னால் குழாய் பதித்தவர்கள் செலவை மிச்சம் பிடிக்க, குடிதண்ணீர்க் குழாயையும் கழிவுநீர்க் குழாயையும் ஒரே பள்ளத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூடிவிட்டார்கள். "ரெண்டையும் ஒரே பாயில படுக்க வச்சுட்டுப் போயிட்டாங்க, புண்ணியவானுங்க" என்பாள் அக்கா. காலப்போக்கில் இரண்டும் கிழடாகி, இரண்டிலும் விரிசல். தண்ணீர் ஓடும்போது குடிதண்ணீர்க் குழாய் வெளியே கசியும். அது நஷ்டம், அவ்வளவுதான். வால்வை மூடி ஓட்டம் நின்றால்தான் ஆபத்து. காலியாகும் குழாய் மூச்சை உள்ளே இழுக்கும். இழுக்கும்போது பக்கத்தில் படுத்திருப்பது எதுவோ அதையும் சேர்த்து இழுக்கும். மறுபடி திறந்ததும் அந்தத் தண்ணீர் முதலில் போய்ச் சேருவது கடைசித் தெருவுக்கு.

கடைசித் தெருவின் கடைசி வீடு அக்காவின் தங்கையுடையது. முன்கட்டில் சலவைக் கடை, பின்கட்டில் குடும்பம். வெளுத்த சட்டையில் வாடை வந்தால் சட்டைக்காரர் சும்மா இருப்பாரா. நல்ல தண்ணீருக்கு மேட்டுத் தெரு வரைக்கும் கேன் தூக்குவது அவள் பிழைப்பாகிவிட்டது.

குழாய் முழுவதையும் மாற்றுவதற்கு ஊரிடம் பணம் இல்லை. வங்கியில் கேட்டால் வட்டியைக் கட்டுவதற்குள் ஊரே விலைக்குப் போய்விடும். அரசாங்கத்தில் இதற்கென்று ஒரு கடன் இருக்கிறது. தண்ணீர், கழிவுநீர் வேலைகளுக்கு மட்டும். நூற்றுக்கு ஒன்று வட்டி. முப்பது வருடத்தில் திருப்பிக் கட்டினால் போதும். அதிகாரி ஒருவர் வந்து ஊரைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதுவார். விண்ணப்பித்த ஊர்களை எல்லாம் வரிசைப்படுத்தி, மேலே இருக்கிற பத்து ஊருக்குக் கொடுப்பார்கள். ஊர் இரண்டு தடவை விண்ணப்பம் போட்டது. இரண்டு தடவையும் நடந்ததை இந்த ஊர்க்காரர்களால் மட்டும்தான் செய்திருக்க முடியும்.

தலைவர் பெயிண்டுக் கடை வைத்திருக்கிறவர். நல்ல மனிதர், கையைவிட்டுச் செலவு செய்கிறவர். அதிகாரி வருகிறார் என்றதும் பம்ப் அறைக்குத் தன் சொந்தச் செலவில் வெள்ளையும் நீலமும் அடித்தார். ரோட்டுக் குழிகளில் ஜல்லி கொட்டினார். கடைசித் தெருவில் ஈரம் தெரியக்கூடாது என்று சாவியக்காவைக் கூப்பிட்டு, கீழ் வால்வை இரண்டு நாள் முன்பே மூடச் சொன்னார். எழுத்தர் மட்டும் மெல்ல, "சார், ஓட்டைய மறைச்சிட்டா கடன் எதுக்குன்னு கேக்க மாட்டாங்களா" என்று இழுத்தான்.

"நீ பேங்க்குல கடன் வாங்கியிருக்கியா தம்பி?"

"இல்ல சார்."

"நான் நாலு தடவ வாங்கியிருக்கேன். நாலு தடவையும் புதுச் சட்ட போட்டுட்டுத்தான் போனேன். கிழிசலோட போனா வாசல்லயே நிக்க வச்சுடுவான்."

ஊருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வெளியாள் வரும்போது வீட்டைப் பெருக்காதவர்கள் யார். ஆளாளுக்கு வாசலைத் தேய்த்துக் கழுவினார்கள். வந்த அதிகாரி பம்ப் அறையைப் பாராட்டினார். உலர்ந்த தெருவில் பளபளக்கும் காலணியோடு நடந்துவிட்டுப் போனார். இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது: வரிசையில் நாற்பத்தோராம் இடம்.

தலைவர் கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். "நாப்பத்தொண்ணு. மத்த ஊர்க்காரன் நம்மளவிட நல்லாக் காட்டியிருக்கான்யா. அடுத்த தடவ விடக்கூடாது."

அடுத்த தடவை பம்ப் அறையோடு தொட்டிக்கும் பெயிண்ட் அடித்தார்கள். அக்கா கீழ் வால்வை மூன்று நாள் மூடினாள். அறுபத்திரண்டாம் இடம் வந்தது.

ஆனால் அந்த எண் வருவதற்கு முன்பே வேறொன்று நடந்துவிட்டது. அதிகாரி போன அன்று மாலை அக்கா வால்வைத் திறந்தாள். பதினாலு சுற்று. மூன்று நாள் காலியாகக் கிடந்த குழாய் எதை எல்லாம் இழுத்து வைத்திருந்ததோ. அந்த வாரம் கடைசித் தெருவில் ஒன்பது பேர் வாந்திபேதியில் படுத்தார்கள். தங்கையின் மகள் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தாள். பிழைத்தது மறுபிறப்பு. இப்போது அந்தப் பெண் ஒன்பதாம் வகுப்பில் ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வருகிறாள் என்பது வேறு விஷயம்.

தங்கை ஒரு மாதம் அக்காவோடு சண்டை போடவில்லை. தினமும் சண்டை போடுகிறவள் போடாமல் இருந்தால் அது எப்படி இருக்கும் என்று அக்காவுக்குத்தான் தெரியும். மாதம் முடிந்து ஒரு நாள், "ஏன்க்கா, உன் சேத்துக் காலோட என் தரைய மிதிக்காதன்னு எத்தன தடவ சொல்றது" என்று அவள் கத்தினபோது, அக்கா வெளியே வந்து சுவரோரம் நின்று மூக்கைச் சிந்திவிட்டுப் போனாள். தம்ளரை மோந்து பார்ப்பது அந்த மாதத்தில் தொடங்கியது.

மூன்றாம் விண்ணப்பத்துக்கு அதிகாரி வரும் தேதி தெரிந்த அன்று மாலை, அக்கா தங்கையின் இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் நின்று கடலை தின்றுகொண்டிருந்தாள்.

"இந்தத் தடவையும் ஊத்திக்கிச்சுன்னா நான் காலி பண்ணிடுவேன்க்கா" என்றாள் தங்கை, சட்டைக் கையை மடித்தபடி. "மாமியார் ஊர்ல கடை பாத்தாச்சு. வாய்ப்பேச்சு முடிஞ்சுது. அட்வான்ஸ்தான் பாக்கி."

"போயேன். நான் நிம்மதியா இருப்பேன்."

"யாரோட சண்ட போடுவ?"

"குழாய் இருக்கே."

"குழாய் திருப்பித் திட்டாது. உனக்கு அலுத்துடும்." இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டாள்: "மூடச் சொல்லிட்டாரா?"

"சொன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"சரிங்கன்னேன்."

தங்கை தலையைத் தூக்கி அவளைப் பார்த்தாள். "எந்தச் சரிங்க?"

அக்கா கடலைத் தோலை ஊதிவிட்டு, சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் கீழ் வால்வுக்கு வந்தாள். சாக்கை விரித்தாள். சாவியை இறக்கி மூடும் பக்கமாகத் திருப்பினாள். ஒன்று. இரண்டு. மூன்று. நின்றாள். இருபத்தாறு வருடத்தில் வால்வு விஷயத்தில் மேலே இருந்து வந்த உத்தரவை அவள் தாண்டினதே இல்லை. தாண்டினால் வேலை போகலாம். கைப்பிடியில் காதை வைத்துக் கேட்டாள். வெகுநேரம் கேட்டாள். பிறகு அந்த மூன்று சுற்றையும் திருப்பிவிட்டாள். முழுக்கத் திறந்திருக்கிறதா என்று ஒரு தடவை அழுத்தியும் பார்த்துக்கொண்டாள்.

இந்தத் தடவை வந்தது ஒரு பெண் அதிகாரி. குள்ளமாக, நரைத்த தலையோடு, கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கான்வாஸ் காலணி. பம்ப் அறையின் புதுப் பெயிண்டைத் தலைவர் விளக்கிக்கொண்டிருந்தபோது அந்தம்மா பையிலிருந்து தன் சொந்தப் பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தார். மேசையில் இவர்கள் வைத்திருந்த தம்ளரைத் தொடவில்லை. கூட்டத்தின் கடைசியில் நின்ற அக்கா அதைப் பார்த்தாள். விவரமான பொம்பளை என்று நினைத்துக்கொண்டாள்.

கடைசித் தெருவுக்கு இறங்கினார்கள். முந்தின நாள் கொட்டிய ஜல்லி முழுவதும் ஊறிப்போய், கடைசி வீடு வரை ஈரம் பளபளத்தது. தலைவர் ஈரத்தைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். மறுபடி ஈரத்தைப் பார்த்தார்.

"மழையா?" என்று கேட்டார் அதிகாரி.

"இல்ல மேடம். நீங்க வர்றீங்கன்னு காலைல தெருவக் கழுவி விட்டோம்."

அதிகாரி தலையாட்டிவிட்டுத் தாளில் ஏதோ குறித்தார். கசிவு இல்லை என்றுதான் குறித்திருப்பார் என்று கடைசித் தெருவுக்கே தெரிந்துவிட்டது. தங்கை சலவைக் கடை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் அக்காவைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்காக எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதிகாரி பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார்.

அக்காவுக்குப் பேசத் தெரியாது. என்ன சொல்லி, எங்கே தொடங்குவது. அவளுக்குத் தெரிந்ததை அவள் செய்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். சாக்கை விரித்தாள், மூடியைத் தள்ளினாள், சாவியைக் குழிக்குள் இறக்கினாள். காதை வைக்கவில்லை. கைப்பிடியை ஒரு கையால் பிடித்தபடி, மறு கையால் சாக்கை இரண்டு தடவை தட்டிச் சுத்தம் செய்து, அதிகாரியை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னம்மா?" என்றார் அதிகாரி.

அக்கா சாக்கை மறுபடி தட்டினாள்.

"அக்கா, வேலையப் பாரு" என்றார் தலைவர்.

அந்தம்மா பையைப் பக்கத்தில் நின்ற எழுத்தரிடம் கொடுத்துவிட்டு, கண்ணாடியை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, ஒரு கையைத் தரையில் ஊன்றி மெதுவாக முட்டி போட்டார். கைப்பிடியில் காதை வைத்தார். சைக்கிளில் வந்தவன் இறங்கி நின்றான்.

"இரைச்சலா கேக்குது" என்றார்.

"தண்ணி ஓடுறதுங்க."

"குழாய்ல ஓடுறதா?"

"குழாய்ல ஓடுனா இந்தச் சத்தம் வராதுங்க. இது குழாய்க்கு வெளியில ஓடுது."

அதிகாரி காதை எடுக்கவில்லை. "எத்தன நாளா?"

"பதினோரு வருஷமாங்க."

"போன ரெண்டு தடவ வந்தவங்க தெரு காய்ஞ்சு இருந்துதுன்னு எழுதியிருக்காங்களே?"

தலைவர் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தாங்க மூடினேன்" என்றாள் அக்கா. "ரெண்டு தடவையும் இந்தச் சாவியாலதான் மூடினேன். ரெண்டாவது தடவ மூடினதுல ஒம்பது பேரு படுத்துட்டாங்க. இந்த வீட்டுப் பொண்ணும் படுத்துச்சு. இன்னைக்கு மூடலீங்க."

அது அவள் வாழ்நாளில் ஒரே மூச்சில் பேசிய மிக நீளமான பேச்சு. பேசி முடித்ததும் சாவியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அதிகாரி எழுந்தார். காதில் வட்டமாகத் துரு ஒட்டியிருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. பையை வாங்கி, எழுதின தாளைக் கிழித்து நாலாக மடித்து உள்ளே வைத்தார்.

"சார், நான் பெயிண்ட் பாக்க வரல" என்று தலைவரிடம் சொன்னார். "யாரு நெலமை மோசமோ அவங்கதான் எங்க வரிசைல முதல்ல. நீங்க ரெண்டு தடவையும் கடைசிக்குப் போகப் பாடுபட்டிருக்கீங்க." பிறகு அக்காவிடம் திரும்பினார். "இன்னும் எங்கெல்லாம் கேக்கும்?"

அக்கா சாக்பீஸை எடுத்தாள்.

அன்று மதியம் வரை அந்த ஊர் கண்ட ஊர்வலத்தை இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். முன்னால் அக்கா சாவியோடு, பின்னால் காதில் துருவோடு அதிகாரி, அதற்குப் பின்னால் ஊர். மூடிக்கு மூடி முட்டி போடுவதும் வட்டம் போடுவதுமாகப் போனார்கள். மூன்றாம் தெரு வருவதற்குள் விஷயம் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அதுவரை ஓட்டையை மறைத்தவர்கள் ஓட்டையைக் காட்டப் போட்டி போட ஆரம்பித்தார்கள்.

"மேடம், எங்க வீட்டுப் பின்பக்கம் ஒரு நிமிஷம் வாங்க. இதெல்லாம் ஒரு ஓட்டையா?"

"அவங்களுது நாலு வருஷந்தான் மேடம். எங்களுது எங்க கல்யாணத்துக்கு முன்னாலருந்து ஒழுகுது."

"மேல்வீட்டுக்காரன் குளிச்சா என் சமையல்கட்டு நனையும். வேணும்னா இப்பக் குளிக்கச் சொல்றேன்."

தலைவர் கொஞ்ச நேரம் தனியாகப் பின்தங்கி நடந்தார். முகம் சுண்டிப்போயிருந்தது. சந்தை முனை வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார். "மேடம், என் கடைக்குப் பின்னால வந்து பாருங்க. கழிவு வாய்க்கால் இடிஞ்சு ரெண்டு வருஷமாச்சு. நானே பலகை போட்டு மூடி, பலகைக்கும் பெயிண்ட் அடிச்சு வச்சிருக்கேன். ஊர்லயே பெரிய ஓட்டை என்னுதுதான்." பலகையைத் தானே தூக்கினார். வந்த நாற்றத்தில் அதிகாரி இரண்டடி பின்னால் போனார். தலைவர் முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு ஒரு நிறைவு தெரிந்தது.

முப்பத்தேழு வட்டம். கடைசி வட்டத்தில் அதிகாரி நின்று எல்லோரையும் பார்த்துக் கேட்டார்: வட்டி குறைவுதான், ஆனாலும் கடன் கடன்தான். வீட்டுக்கு வீடு தண்ணீர்க் கட்டணம் கூடும். முப்பது வருடம் கட்டுவீர்களா? கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்தது. கூட்டத்துக்குள்ளிருந்து தங்கையின் குரல்தான் முதலில் வந்தது.

"இப்ப மாத்திரைக்குக் குடுக்கறோம். அதக் குழாய்க்குக் குடுக்கறோம். எங்க கையெழுத்துப் போடணும்?"

அவள் இஸ்திரி மேசையில்தான் அன்று தாள்களை விரித்தார்கள். மாலைக்குள் ஊரில் பாதிக்கு மேல் வந்து போட்டுவிட்டது.

கூட்டம் கலைந்த பிறகு தலைவர் அக்காவை மடக்கினார். "நான் மூடச் சொன்னப்ப நீ சரிங்கன்னு சொன்னியே?"

"சொன்னேங்க."

"அப்புறம்?"

"அது வேற சரிங்க."

தலைவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "இத்தன வருஷமா எனக்கு எந்தச் சரிங்க சொல்லிட்டிருந்த நீ?" என்று கேட்டார். அக்கா சாவியைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள். அவர் சிரித்துவிட்டார். அக்காவின் வேலைக்கு எதுவும் ஆகவில்லை.

இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது. எழுத்தர் அதை ஆட்டிக்கொண்டே ரோட்டில் ஓடிவந்தான். மூன்றாம் இடம். கடன் அனுமதிக்கப்பட்டது. ஊர் ஆரவாரம் செய்தது. தலைவர் மட்டும் கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்து, "மூணாவதா? நம்மளவிட அப்படி என்ன பெரிய ஓட்ட வச்சிருக்கான் அந்த ரெண்டு ஊர்க்காரனும்?" என்று கேட்டார்.

வேலை ஒன்றரை வருடம் நடந்தது. தண்ணீருக்கு நீலக் குழாய் தெருவின் ஒரு பக்கம். கழிவுக்குப் பழுப்புக் குழாய் மறுபக்கம், ஆழமாக. நடுவில் ஆள் படுக்கிற தூரம் இருக்கிறதா என்று அக்கா தினமும் பள்ளத்தில் இறங்கிக் காலால் அளந்துவிட்டு ஏறுவாள். ஒப்பந்தக்காரர் ஆட்கள் முதலில் சிரித்தார்கள். ஓர் இடத்தில் இணைப்பைத் திறந்து காட்டி, ரப்பர் வளையம் மடங்கியிருப்பதை அவள் சுட்டிய பிறகு, அவள் வருவதற்கு முன்பே தங்களுக்குள் சரிபார்க்க ஆரம்பித்தார்கள். ஊருக்குக் கீழே கழிவுநீரைத் தெளியவைக்கும் குளங்கள் வந்தன. தங்கை மாமியார் ஊர்க் கடைக்காரரிடம் வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு, அதே வாரம் புதிதாகச் சலவை இயந்திரம் ஒன்று வாங்கிப் போட்டாள்.

போன வாரம் புதுக் குழாயில் தண்ணீர் விட்டார்கள். தலைவர் பேச்சு எதுவும் வேண்டாம் என்று சொல்லி, சாவியை அக்கா கையில் கொடுத்துவிட்டார். அவள் கையில்தான் எப்போதும் இருக்கிறது. ஆனாலும் கேட்டு வாங்கி, எல்லோரும் பார்க்கத் திருப்பிக் கொடுத்தார். புதுக் கீழ் வால்வு வெண்ணெய் மாதிரி திரும்பியது. எட்டாவது சுற்றில் நின்றுவிட்டது. அக்கா நம்பாமல் இன்னொரு தடவை அழுத்தினாள். எட்டுதான்.

கூட்டம் போன பிறகும் அவள் முட்டி போட்டபடியே இருந்தாள். கைப்பிடியில் வலது காதை வைத்தாள். மாற்றி இடது காதை வைத்தாள். மறுபடி வலது. வழியில் போன கணவர் வேனை நிறுத்தி, "என்னம்மா, என்ன சொல்லுது?" என்று கேட்டார்.

"ஒண்ணும் சொல்லல" என்றாள் அக்கா.

"அப்ப இனிமே நம்மகிட்டயும் ரெண்டு வார்த்த பேசலாம்" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியை எடுத்தார்.

அக்கா சாக்கை மடித்துக்கொண்டு கடைசி வீட்டுக்கு நடந்தாள். இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. கொடியில் வெள்ளைச் சட்டைகள். தங்கை சமையல்கட்டுக் குழாயைத் திறந்து ஒரு தம்ளர் பிடித்து, ஈரக் கையோடு கொண்டுவந்து நீட்டினாள். நீட்டிவிட்டு நகரவில்லை, எதிரே நின்று அக்காவின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள் அறையில் பாடம் படித்துக்கொண்டிருந்த மகளும் நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

அக்கா தம்ளரை வாங்கினாள். தலையை அண்ணாந்து, மடக் மடக்கென்று ஒரே மூச்சில் குடித்தாள். கழுத்தில் வழிந்ததைத் துடைக்காமல், காலித் தம்ளரை இன்னொன்றுக்காகத் தங்கையிடம் நீட்டினாள்.